சிவப்பு என்றால் பச்சையா?

"உள்ள சிவப்பா இருக்கே, வேகலை போல."

ஜூலை வந்தால் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு கொல்லைப்புறத்தில் பார்பிக்யூ அடுப்பு புகையும். கூடவே இந்தப் புலம்பலும் கிளம்பும். பன்றியின் வயிற்றுக்கறியை ஒன்றரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, மசாலா புரட்டி, 250 டிகிரி ஃபாரன்ஹீட் புகையில் மூன்று மணி நேரம் வைக்கிறார் ஒரு புண்ணியவான். பிறகு வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, சாஸ் ஊற்றி, அலுமினியத் தாளால் மூடி மறுபடியும் வேகவிடுகிறார். உள்வெப்பம் 200 டிகிரியைத் தொட்டுவிட்டது (93 செல்சியஸ்). விரல் பட்டால் பிய்கிறது. விருந்தாளி ஒரு கடி கடித்து, மிச்சத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "மைக்ரோவேவ்ல கொஞ்சம் வச்சுத் தாங்களேன்" என்கிறார். வைத்தால் கொழுப்பு உருகி ஓடும், கறி செருப்பு வாராகும். சிவப்பு மட்டும் போகாது.

ஏன் போகாது? இறைச்சிக்கு நிறம் தருவது மயோகுளோபின் என்ற புரதம். வெறும் சூட்டில் அது பழுப்பாகிவிடும். ஆனால் கட்டையும் கரியும் எரியும்போது நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கிளம்புகின்றன. ஈரமான கறியின் மேல் இவை கரைந்து, உள்ளே இறங்கி, மயோகுளோபினைப் பற்றிக்கொள்கின்றன. பற்றியபின் எவ்வளவு சூடேற்றினாலும் இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும். இதைத்தான் 'ஸ்மோக் ரிங்' என்கிறார்கள். பெரிய கறியில் இது விளிம்பில் மெல்லிய பட்டையாகத் தெரியும். சிறு துண்டில் எல்லாப் பக்கமும் புகை இறங்குவதால் கிட்டத்தட்ட நடுவரை பரவிவிடும். வேகாத பெரிய கறி நடுவில் அல்லவா சிவந்திருக்கும்? விளிம்பு சிவந்து நடு பழுப்பாக இருக்கும் கறியைப் பார்த்தும் "வேகலை" என்பவரை என்ன சொல்ல!

இன்னொன்று. இதே ஆள் கிறிஸ்துமஸுக்கு ஹாம் வெட்டினால் முதல் தட்டை நீட்டுவார். ஹாம் என்ன நிறம்? அதில் சேர்க்கும் நைட்ரைட் உப்பிலிருந்து வருவதும் அதே நைட்ரிக் ஆக்சைடுதான். கடையில் வாங்கினால் அழகு, பக்கத்து வீட்டுக்காரர் செய்தால் ஆபத்தா?

இந்த வதந்தி மேல் எனக்கு இத்தனை கோபம் வரக் காரணம், அது திருப்பியடிக்கும் என்பதுதான். சிவப்பு என்றால் வேகவில்லை என்று நம்புகிறவர், பழுப்பாகிவிட்டால் வெந்துவிட்டது என்றும் நம்புவார். கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்து இறைச்சி ஆய்வாளர்கள் 1990களில் மாட்டுக் கொத்துக்கறியைச் சோதித்தார்கள். பாதுகாப்பான வெப்பத்தை எட்டும் முன்பே அது பழுப்பாகிவிடக்கூடும் என்று தெரிந்தது. உணவுப் பாதுகாப்பில் இருக்கும் எங்களுக்கு வயிற்றைக் கலக்குவது அந்தப் பழுப்புதான். அமெரிக்க வேளாண் துறை 2011இல் முழுத் துண்டு பன்றிக்கறிக்குரிய அளவை 160இலிருந்து 145 டிகிரியாகக் குறைத்தது (63 செல்சியஸ்); எடுத்தபின் மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும். கொத்துக்கறிக்கு 160தான். வீட்டில் சாசேஜ் பிடித்துப் புகை போடுகிறவர்களுக்கும் அதே கணக்கு.

மற்றவை சில்லறை. சிவப்புப் பட்டை அகலமாக இருந்தால் சுவை அதிகமா? இல்லை. நைட்ரைட் உப்பைத் தடவியே அதை வரவழைக்கலாம் என்பதால் கேன்சஸ் சிட்டி பார்பிக்யூ சங்கத்தின் போட்டிகளில் நடுவர்கள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. கட்டையை ஊறவைக்க வேண்டுமா? வேண்டாம், தண்ணீர் வற்றும்வரை வெறும் ஆவிதான் வரும். புகைபோட்ட கறி நாள் முழுக்க வெளியில் கிடக்கலாமா? இரண்டு மணி நேரம்தான். வெயில் 90 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்.

"பன்றிக்கறி தின்றால் மூளையில் புழு வரும்" என்பதையும் விடக்கூடாது. வேகாத கறியால் குடலில் நாடாப்புழு வரலாம். மூளைக்குப் போவது வேறு வழி: குடலில் புழு உள்ளவரின் மலத்திலிருந்து முட்டைகள் கழுவாத கையாலோ தண்ணீராலோ பச்சைக் காய்கறியாலோ வாய்க்குப் போய்ச் சேர வேண்டும். சைவருக்கும் அது வரும். கையைக் கழுவுங்கள்.

புதுமனை புகுவிழாவுக்கு ஆறாவது எவர்சில்வர் சம்படத்தைச் சுமந்துபோவதை விட்டுவிட்டு நிறத்தை நம்பாமல் வெப்பத்தை அளக்க ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கிக்கொடுங்கள். குத்தினால் சாறெல்லாம் ஓடிவிடும் என்பார்கள். ஊசி முனைத் துளையில் அப்படி ஒன்றும் ஓடாது. கொழுப்பில் குத்தாமல், சதையின் மிகத் தடித்த இடத்தில் நடுவரை நுழையுங்கள். புதிதாக வாங்கியதை முதலில் நொறுக்கிய ஐஸ் நிறைந்த தண்ணீரில் வைத்துப் பாருங்கள். 32 காட்ட வேண்டும். 40 காட்டினால் கடையில் திருப்பிக் கொடுங்கள். எனக்கு கறியைப் படமெடுத்து அனுப்பி "வெந்துவிட்டதா?" என்று கேட்காதீர்கள்.