அஸ்காவும் பீட்ரூட்டும்

எட்டாம் வகுப்பில் பயிர்ப் பெருக்கம் பாடம் நடத்தும்போது, "ஐரோப்பாவில் பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்கிறார்கள்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். மறுவாரம் ஒரு மாணவி டப்பாவுடன் வந்து நின்றாள். ஊத்துக்குளிச் சந்தையில் வாங்கிய பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து, சுண்டக் காய்ச்சியிருந்தாள். கறுத்த பாகு, மண் வாடை. "சர்க்கரை விழவேயில்லீங்க டீச்சர்" என்றாள். பிழை அவளுடையதன்று. பாதியை மட்டும் சொன்னது நான்தான்.

சர்க்கரைக்குப் பயன்படுவது நாம் பொரியல் செய்யும் சிவப்புக் கிழங்கு அன்று. அதே இனத்தின் வெள்ளைச் சதைக் கிழங்கு. கரும்பிலுள்ள அதே சர்க்கரை அதிலும் உண்டு என்று 1747இல் பெர்லின் வேதியியலாளர் மார்கிராஃப் காட்டினார். அவருடைய மாணவர் ஆக்கார்டு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சைலீசியாவில் ஆலை அமைத்தார். நெப்போலியன் காலப் போரில் கடல்வழி வந்த கரும்புச் சர்க்கரை தடைபட்டதும் சாகுபடி பரவியது. இனிப்பு மிகுந்த கிழங்குகளையே தேர்ந்து விதைத்து வந்ததால், இன்று அதன் எடையில் 15 முதல் 20 விழுக்காடு சர்க்கரை.

பயிர்ப் பெருக்கத்துக்கு நம் பக்கத்திலேயே இதற்கு ஈடான சான்று உண்டு. 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், கரும்பைக் காட்டு நாணலுடன் கலந்து 'கோ 205' உருவாக்கினார்கள். பாடநூலை மூடிவிட்டுச் சொல்லவேண்டிய கதை இது.

கரும்பை நசுக்கிச் சாறு எடுக்கிறோம். பீட்டைச் சீவி வெந்நீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். இரண்டிலும் சுண்ணாம்பிட்டு அழுக்கு நீக்கியபின் கிடைக்கும் வெள்ளைப் படிகம் ஒன்றே: சுக்ரோஸ். நாம் அஸ்கா என்பது அதுதான். வாயில் போட்டு வேறுபாடு காண முடியாது. கரும்பு C4 தாவரம், பீட் C3 தாவரம் என்பதால் கார்பன்-13 அளவைக்கொண்டு ஆய்வகத்தில் பிரித்தறியலாம். மேல்நிலைத் தாவரவியல் ஆசிரியர்கள் ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் இதைச் சொன்னால் மாணவர்கள் C4-ஐ மறக்கமாட்டார்கள்.

உண்மையான வேறுபாடு சுத்திகரிக்கும் முன்புதான். கரும்புச்சாற்றைக் காய்ச்சினால் வெல்லமும், கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும் அப்படியே தின்னக் கிடைக்கும். பீட் பாகு மண் வாடையும் கசப்பும் கலந்தது. அதன் கழிவுப்பாகு மாட்டுத் தீவனத்துக்கும் ஈஸ்ட் வளர்க்கவும் போகிறது. பீட் வெல்லம் என்று பொதுவாக விற்காததன் காரணம் இதுதான். மாணவியின் டப்பா அதைச் சரியாகவே காட்டியிருந்தது.

மறுநாள் அதையும் ஒரு வெல்லக் கட்டியையும் மேசையில் வைத்தேன். ஆளுக்கொரு துளி சுவைத்தார்கள். என் பழைய வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, அதைத் திருத்தும் வேலையை அவளிடமே கொடுத்தேன்.