தொந்தியும் தண்டாலும்

என் வேட்டி மடிப்புக்கு மேல் பிதுங்கிய தொந்தியை என் மகள் கேலி செய்தபோது நானும் சிரித்தேன். மருத்துவர் நாடாவால் அளந்து, "98 சென்டிமீட்டர்" என்றபோது சிரிக்க இயலவில்லை. இந்திய ஆண்களுக்கு எல்லை 90; பெண்களுக்கு 80. குடலையும் கல்லீரலையும் சூழும் கொழுப்பு இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். என் தந்தையார் நீரிழிவால் ஒரு காலை இழந்தவர்.

அன்றே பாயை விரித்தேன். மல்லாந்து படுத்து எழும் பயிற்சியை நாள் தவறாமல் செய்தேன். இரண்டு திங்களில் வயிற்றுத் தசை இறுகியது, நாடாவோ அசையவில்லை. மாணவ நண்பர்கள் பலரும் செய்யும் பிழை இதுவே. உழைக்கும் தசை தன்மேல் படிந்த கொழுப்பை மட்டும் எடுத்து எரிப்பதில்லை; உடல் முழுவதிலுமுள்ள கொழுப்பு கரைந்து, இரத்தத்தின் வழியே அதற்கு வந்து சேர்கிறது. ஆகவே பெரிய தசைகளுக்கு வேலை கொடுத்தேன். தொடைக்குப் பஸ்கி, மார்புக்கும் தோளுக்கும் தண்டால், மூச்சு வாங்கக் கயிறு தாண்டல். கயிறு, கிணற்றடியில் கிடந்த பழைய தாம்புதான்! வாரத்தில் ஐந்து மாலை 30 நிமிட விரைவு நடை.

இவற்றினும் கடினம், இரவில் மறுசோறு வேண்டாமென்பது. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருப்பதால் அவசரம் பயன்படாது. பத்துத் திங்கள் கழிந்தன. நாடா இப்போது 91 காட்டுகிறது.