ஏழு ஆசன பிளக்-இன் ஹைபிரிட் ஜீப்: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

அரிப்புக் கரையில் இடிந்து நிற்கும் டொரிக் மாளிகையைப் பார்க்காதவர்கள் நம் பகுதி வியாபாரிகளில் குறைவு. ஆளுநர் பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய வீடு அது. அதே கடலோடு சேர்ந்த ஒரு வியாபாரப் பாடமும் உண்டு. 1905இல் முத்துக்குளிப்பு வரலாறு காணாத வருமானத்தைக் கொடுத்தது. அதைப் பார்த்து 1906இல் ஓர் ஆங்கிலக் கம்பனி, ஆண்டுக்கு 310,000 ரூபா வாடகைக்கு முத்துப் பார்களை 20 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் சிப்பி விளையவில்லை. சில ஆண்டுகளில் கம்பனி கலைக்கப்பட்டது. மிகச் சிறந்த ஓர் ஆண்டின் கணக்கை வைத்து இருபது ஆண்டுக்குக் கையெழுத்திட்டதே அவர்கள் செய்த தவறு.

இன்று வாகனம் வாங்கும்போது நம்மில் பலர் அதே தவறைச் செய்கிறோம். விற்பவர் காட்டும் தாளில் உள்ள மிகச் சிறந்த எண்ணை நம்பி, ஐந்தாறு ஆண்டுத் தவணைக்குக் கையெழுத்திடுகிறோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதி மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பின் சந்தியிலும் கடையிலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நானா, கரண்டிலும் ஓடுமாம், பெற்றோலிலும் ஓடுமாம், ஏழு பேர் போகலாமாம். எடுப்பமா?" எடுக்கலாமா, வேண்டாமா என்பதை நீங்களே கணக்குப் போட்டு முடிவு செய்ய இந்தப் பாடம் உதவும்.

1. முதலில் பொருளை விளங்கிக் கொள்வோம்

சாதாரண ஹைபிரிட் வாகனத்தில் சிறிய பற்றரி ஒன்று உண்டு. என்ஜினும் பிரேக்கும் அதை நிரப்பும். வெளியிலிருந்து மின்சாரம் ஏற்ற முடியாது. பிளக்-இன் ஹைபிரிட்டில் பற்றரி பெரியது. இரவில் வீட்டு மின்சாரத்தில் நிரப்பினால் காலையில் குறிப்பிட்ட தூரம் பெற்றோல் இல்லாமலே ஓடும். பற்றரி இறங்கியதும் பெற்றோல் ஹைபிரிட்டாக ஓடும்.

நம் நாட்டில் அதிகம் பேசப்படும் மிட்சுபிஷி அவுட்லாண்டரை எடுத்துக்கொள்வோம். 2013இல் ஜப்பானில் வந்த முதல் பிளக்-இன் அவுட்லாண்டரில் 12 கிலோவொட் மணி பற்றரி இருந்தது. 2018இல் அது 13.8 ஆக உயர்ந்தது. இவை இரண்டும் ஐந்து ஆசன வாகனங்கள். 2021 டிசம்பரில் ஜப்பானில் வந்த புதிய தலைமுறையில்தான் மூன்றாம் வரிசை சேர்ந்தது. அதில் 20 கிலோவொட் மணி பற்றரியும், 2.4 லீற்றர் என்ஜினும், முன்னும் பின்னும் இரண்டு மின் மோட்டார்களும் உண்டு. 2024 இறுதியில் பற்றரி 22.7 கிலோவொட் மணியாகக் கூடியது. ஆகவே இறக்குமதித் தடைக்கு முன் நாட்டுக்கு வந்த பழைய வாகனத்தைக் காட்டி யாராவது "ஏழு ஆசனம்" என்றால், பின் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

2. மூன்றாம் வரிசையை உட்கார்ந்து அளக்க வேண்டும்

இந்த வாகனத்தின் நீளம் 4.7 மீற்றர் அளவுதான். அதற்குள் மூன்று வரிசையும், தரைக்கடியில் பற்றரியும், பின்னால் ஒரு மோட்டாரும் இருக்கின்றன. ஆகவே மூன்றாம் வரிசை பிள்ளைகளுக்கானது. பெரியவர்கள் முருங்கன் வரை சமாளிக்கலாம். புத்தளம் வரை முழங்காலை மடக்கி வைத்திருக்க முடியாது. மூன்றாம் வரிசையை நிமிர்த்திவிட்டால் பின்னால் பயணப் பை வைக்கவும் இடம் போதாது.

வாங்குமுன் குடும்பத்தை முழுதாக ஏற்றி அரை மணி நேரமாவது ஓடிப் பாருங்கள். உம்மாவை இரண்டாம் வரிசையில் உட்கார வைத்து ஏற இறங்கச் சொல்லுங்கள். பின் வரிசைக்கு ஏசி காற்று வருகிறதா என்று பாருங்கள். ஏழு பேரும் சாமான்களுமாக மாதம் இரண்டு மூன்று முறை போகும் குடும்பத்துக்கு ஒரு வேன்தான் பொருந்தும். ஐந்து பேர் போய், எப்போதாவது இரண்டு பிள்ளைகள் சேரும் குடும்பத்துக்கு இந்த ஜீப் பொருந்தும்.

3. தாளில் உள்ள தூரமும் நமது வீதியும்

ஏழு ஆசன அவுட்லாண்டர் 20 கிலோவொட் மணி பற்றரியில் ஜப்பானியப் பரிசோதனை முறைப்படி 83 கிலோமீற்றர் ஓடும். பற்றரி இறங்கிய பின் ஒரு லீற்றருக்குச் சுமார் 16 கிலோமீற்றர் என்பது அதே முறையின் கணக்கு. இவை பரிசோதனைக்கூட எண்கள். நமது வெயிலில் ஏசி நிற்காது. இரண்டு தொன்னுக்கு மேல் எடையுள்ள வாகனத்தில் ஏழு பேர் ஏறினால் இன்னும் பாரம். ஆகவே தற்காப்பாக ஒரு சார்ஜுக்கு 60 கிலோமீற்றர், ஒரு லீற்றருக்கு 12 கிலோமீற்றர் என்று வைப்போம். கூடுதலாகக் கிடைத்தால் அது இலாபம்.

4. எடுத்துக்காட்டு: ஒரு வாரக் கணக்கு

சிலாவத்துறையில் கடை வைத்திருக்கும் கற்பனை வியாபாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அரிப்புக் கரையில் மீன் வாங்குகிறார். 1990 ஒக்டோபர் வெளியேற்றத்தின் பின் புத்தளத்தில் வளர்ந்த குடும்பம். 2009க்குப் பின் அவர் ஊர் திரும்பினாலும் பெற்றோரும் பிள்ளைகளின் பாடசாலையும் புத்தளத்தில்தான். நம்மில் எத்தனையோ பேருக்கு இதே நிலை. வாரத்தில் ஆறு நாள் ஊருக்குள்ளும் முருங்கனுக்குமாக நாளொன்றுக்கு 50 கிலோமீற்றர் ஓடுகிறார். வாரம் ஒருமுறை மதவாச்சி, அநுராதபுரம் வழியாகப் புத்தளம் போய் வருகிறார். போக வர 350 கிலோமீற்றர் என்று கொள்வோம். ஆக வாரத்துக்கு 650 கிலோமீற்றர்.

ஊருக்குள் ஓடும் 300 கிலோமீற்றரும் மின்சாரத்தில் போகும். அதற்கு ஐந்து முழுச் சார்ஜ் தேவை. புத்தளப் பயணத்தின் முதல் 60 கிலோமீற்றருக்கு இன்னொன்று. ஆறு சார்ஜுக்கும், ஒன்றுக்கு 20 யூனிட் வீதம், 120 யூனிட். பயணத்தில் மீதமுள்ள 290 கிலோமீற்றருக்கு 24 லீற்றர் பெற்றோல்.

இதே 650 கிலோமீற்றரை லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடும் சாதாரணப் பெற்றோல் ஜீப்பில் ஓடினால் 72 லீற்றர் வேண்டும். கணக்கு இலகுவாக இருப்பதற்காகப் பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் அந்தச் செலவு 21,600 ரூபா. பிளக்-இன் ஜீப்புக்குப் பெற்றோல் 7,200 ரூபா. அதனுடன் மின்சாரச் செலவைச் சேர்க்க வேண்டும்:

யூனிட் 25 ரூபாவானால் வாரச் சேமிப்பு 11,400 ரூபா.
யூனிட் 50 ரூபாவானால் வாரச் சேமிப்பு 8,400 ரூபா.
யூனிட் 75 ரூபாவானால் வாரச் சேமிப்பு 5,400 ரூபா.

பிளக்-இன் ஜீப்பின் விலை சாதாரண ஜீப்பை விட 30 இலட்சம் கூடுதல் என்று கொண்டால், அந்த 30 இலட்சம் திரும்பி வர முதல் நிலையில் 5 ஆண்டும், இரண்டாம் நிலையில் ஏறக்குறைய 7 ஆண்டும், மூன்றாம் நிலையில் பத்தரை ஆண்டுக்கு மேலும் செல்லும். வாகனம் ஒன்றே, ஓட்டமும் ஒன்றே. மின்சாரக் கட்டணம் மட்டுமே மாறியிருக்கிறது.

மனதில் வைக்க ஒரு சிறு சூத்திரம்: ஒரு லீற்றருக்கு 12 கிலோமீற்றர், ஒரு யூனிட்டுக்கு 3 கிலோமீற்றர். ஆகவே பெற்றோல் விலையை நான்கால் வகுங்கள். நீங்கள் ஒரு யூனிட்டுக்குக் கட்டுவது அந்தத் தொகைக்குக் குறைவாக இருந்தால்தான் சார்ஜ் செய்வதில் இலாபம். பெற்றோல் 300 ரூபாவானால் எல்லை 75 ரூபா.

5. மின்பட்டியலில் மறைந்திருக்கும் செலவு

வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் கட்டணம் என்பதைப் பலர் மறந்து விடுகிறார்கள். மாதம் 180 யூனிட்டைத் தாண்டினால் மேலதிக யூனிட்டுகளுக்கு மிக உயர்ந்த விலை. நமது வியாபாரிக்கு வாகனத்துக்கு மட்டும் மாதம் 500 யூனிட்டுக்கு மேல் போகிறது. அதாவது வாகனம் குடிக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி மேல்படி விலைக்குத்தான் கிடைக்கும். பட்டியலின் சராசரி விலையை எடுக்காமல் கடைசிப் படியின் விலையை எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நேரத்துக்கேற்ற கட்டண முறை. அதில் இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை விலை குறைவு. ஜப்பானிய வாகனம் வீட்டு இணைப்பில் நிறைய ஆறேழு மணி நேரம் பிடிக்கும் என்பதால் அந்த நேரம் சரியாகப் பொருந்தும். உங்கள் இணைப்புக்கு அது கிடைக்குமா என்று பிரதேச மின்சார அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். மற்றது, கூரைச் சூரிய மின்சாரம். ஆனால் பகலில் வாகனம் வெளியே ஓடினால் பகல் மின்சாரம் நேரடியாக அதற்குப் போகாது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

சார்ஜ் செய்யத் தனி வயரும், நல்ல நிலத்தொடுப்பும், தனி பிரேக்கரும் வேண்டும். நீட்டு வயரில் இரவு முழுதும் ஏற்றுவது வீட்டுக்கே ஆபத்து.

6. பழைய வாகனமானால் பற்றரியைச் சோதியுங்கள்

2014, 2015 காலத்தில் வரிச் சலுகையால் நிசான் லீஃப் கார்கள் நாட்டுக்குள் பெருமளவில் வந்தன. அவற்றின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. வெப்ப நாட்டில் பற்றரிக் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, வாங்கியவர்கள் நட்டப்பட்டார்கள். புதிய அவுட்லாண்டரில் பற்றரியைக் குளிர்வாயு கொண்டு குளிரூட்டும் ஏற்பாடு உண்டு. இருந்தாலும் பாவித்த வாகனமானால் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: கருவி கொண்டு அளந்த பற்றரிக் கொள்ளளவு, ஜப்பானிய ஏல அறிக்கை, இலங்கையில் பற்றரிக்கு யார் உத்தரவாதம் தருகிறார்கள் என்பது. ஜப்பானில் கொடுத்த உத்தரவாதம் இங்கு தானாகச் செல்லாது.

ஜப்பானிய வாகனத்தின் துரித சார்ஜ் முறை செடெமோ. சீன, ஐரோப்பிய வாகனங்கள் பலவற்றுக்கு வேறு பிளக். மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம் என்று உங்கள் வழியில் உள்ள நிலையத்தில் எந்தப் பிளக் இருக்கிறது என்று நேரில் பாருங்கள்.

கடற்கரை வாசிகள் அடிப்பாகத்தையும் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் இரும்பும் வயர் இணைப்புகளும் கெடும். அருவியாறு பெருகும் காலத்தில் ஜீப்தானே என்று வெள்ளத்துக்குள் இறக்காதீர்கள். பற்றரி இருப்பது தரைக்கடியில்.

7. வரியும் முதலும்

பெற்றோல், ஹைபிரிட் வாகனங்களுக்கு உற்பத்தி வரி என்ஜினின் சீசீயைப் பொறுத்தது. அதனால் 2.4 லீற்றர் என்ஜினுக்கு வரிச் சுமை அதிகம். அதன்மேல் சுங்கத் தீர்வை, ஆடம்பர வரி, 18 வீத பெறுமதிசேர் வரி. விலை ஒரு கோடி ரூபாவை எளிதில் தாண்டும்.

நமது வியாபாரிக்கு இதுதான் முக்கியக் கேள்வி. மீன் வியாபாரத்தில் கையில் காசு இருப்பவனுக்குத்தான் கரையில் சரக்கு. அந்தக் காசு ஜீப்பில் முடங்கினால், பெற்றோலில் வாரம் 8,400 மிச்சம் பிடித்துச் சரக்கில் அதைவிட அதிகம் இழக்கலாம். லீசிங் ஆனாலும் முறாபஹா ஆனாலும் மாதத் தவணையைப் பார்க்காமல், கடைசி நாள் வரை கட்டும் மொத்தத் தொகையைக் கேளுங்கள். மீன் குறைந்த மாதத்திலும் அந்தத் தவணையைக் கட்ட முடியுமா என்று பாருங்கள்.

இரு எரிபொருள் இருப்பதில் ஒரு பாதுகாப்பு உண்டு என்பதும் உண்மை. 2022 ஜூனில் ஒக்டேன் 92 பெற்றோல் 470 ரூபாவுக்கு ஏறியது. அதுவும் வரிசையில் நின்றால்தான் கிடைத்தது. அன்று வீட்டில் சார்ஜ் செய்தவர் கடைக்குப் போனார். ஆனால் அதே ஆண்டு மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டும் இருந்தது. இரண்டையும் நினைவில் வையுங்கள்.

முடிவு

தினசரி ஓட்டம் 60 கிலோமீற்றருக்குள், இரவில் மலிவு மின்சாரம், ஐந்து பேர் குடும்பம், வியாபார முதலைத் தொடாத பணம் என நான்கும் இருந்தால் பிளக்-இன் ஜீப் நல்ல தெரிவு. நீண்ட ஓட்டமே அதிகமானால் சாதாரண ஹைபிரிட் போதும். ஏழு பேரும் சாமானும் எப்போதும் போவதானால் வேன். நமது எடுத்துக்காட்டு வியாபாரி மேல்படி விலையில் மின்சாரம் வாங்குபவரானால், இப்போதைக்குப் பொறுத்திருப்பதே அவருக்கு நல்லது.

பயிற்சி: இந்த வாரம் ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் ஓடிய தூரத்தையும் ஏறிய ஆட்களின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். கடந்த மூன்று மாத மின்பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள். மேலே சொன்ன எண்களுக்குப் பதிலாக உங்கள் எண்களைப் போடுங்கள். அதன் பிறகு விற்பவரிடம் போய் விலை கேளுங்கள்.