அம்பாசடருக்கு எலக்ட்ரிக் ஃபேன்: முதலில் வயரைக் கவனியுங்கள்

மே மாதத்து மாலையில் கத்திப்பாராவிலிருந்து ஹால்டா பக்கம் போகும் பழைய அம்பாசடர்காரர்களுக்கு இந்தக் கதை தெரியும். ஜி.எஸ்.டி. சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவரை அடங்கிக் கிடந்த டெம்பரேச்சர் முள், கிண்டியில் வண்டி ஊர ஆரம்பித்ததும் மேலே ஏறும். அந்த வண்டியில் ஃபேன் வாட்டர் பம்ப் கப்பியோடு சேர்ந்து பெல்ட்டில் சுற்றுகிறது. இன்ஜின் ஐடிலில் நின்றால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். நிற்கும்போதுதான் ஃபேன் வேண்டும். அந்த நேரத்தில் அதற்கு வேகம் இருப்பதில்லை. மாருதி 800 போன்ற வண்டிகளில் பிறவியிலேயே எலக்ட்ரிக் ஃபேன் இருப்பதால், இன்ஜின் எந்த வேகத்தில் இருந்தாலும் அது முழு வேகத்தில் சுற்றும்.

அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. இன்றும் அதை அன்போடு ஓட்டுகிறவர்கள் மயிலாப்பூரிலும் அடையாறிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பத்மினி, ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

காசு செலவழிப்பதற்கு முன் ஒன்றை உறுதி செய்யுங்கள். சிக்னலில் மட்டும் சூடானால் ஃபேன் உதவும். வெளிச்சாலையில் சீராக ஓடும்போதும் சூடானால் கோளாறு வேறிடத்தில்: அடைத்துப்போன ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப், இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட். அதைச் சரிசெய்யாமல் எத்தனை ஃபேன் மாட்டினாலும் பயனில்லை.

கரன்ட் எங்கிருந்து வரும்?

பன்னிரண்டு அங்குல ஃபேன் ஓடும்போது சுமார் 7 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. பழைய அம்பாசடர்களில் டைனமோதான் இருந்தது. டைனமோ ஐடிலில் ஏறக்குறைய ஒன்றுமே உற்பத்தி செய்யாது. சிக்னலில் ஃபேன் ஓடும்போது முழு பாரமும் பேட்டரி மேல் விழும். இரவில் ஹெட்லைட்டும் சேர்ந்தால் வீடு போய்ச் சேருவதற்குள் பேட்டரி டவுன். டைனமோ வண்டி என்றால் முதலில் ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள். ஃபேன் அதற்குப் பிறகு.

மிகப் பழைய வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் எர்த் ஆகியிருக்கும். பானெட்டைத் திறந்து, பாடிக்குப் போகும் தடித்த வயர் எந்த முனையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். இங்கே நான் சொல்வதெல்லாம் நெகட்டிவ் எர்த் வண்டிக்கு.

ஃபேனைப் பொருத்துதல்

புதுப்பேட்டையில் பழைய மாருதி ஃபேன் கிடைக்கும், ஜி.பி. ரோட்டில் புதியது கிடைக்கும். பழையது வாங்கினால் கடையிலேயே பேட்டரியில் வைத்து ஓட்டிப் பாருங்கள். நின்றபின் இறக்கையைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்ட் ஆடினால் வேண்டாம்.

ரேடியேட்டருக்கு முன்னால் வைத்துக் காற்றைத் தள்ளும் ஃபேனும் உண்டு, இன்ஜின் பக்கம் வைத்து இழுக்கும் ஃபேனும் உண்டு. இழுக்கும் ஃபேன்தான் திறமையானது. ஆனால் முதல் தடவை செய்கிறவர்களுக்கு என் சிபாரிசு: பெல்ட் ஃபேனைக் கழற்றாமல், முன்பக்கம் தள்ளும் ஃபேனை வையுங்கள். ஒரு கோடை இரண்டும் இருக்கட்டும். மின்சார வேலை நம்பிக்கை தந்தபின் பெல்ட் ஃபேனைக் கழற்றலாம். கழற்றும்போது ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: ஃபேனையும் கப்பியையும் அதே போல்ட்டுகள்தான் பிடித்திருக்கும். ஃபேன் போனபின் அந்த போல்ட் நீளம் அதிகமாகி உள்ளே முட்டும். நீளம் குறைந்த போல்ட் போடுங்கள், அல்லது ஃபேனின் கனத்துக்கு வாஷர் வையுங்கள். பெல்ட்டைக் கழற்றிவிடக் கூடாது. வாட்டர் பம்பும் ஆல்டர்னேட்டரும் அதில்தான் ஓடுகின்றன.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, இன்ஜின் நன்றாக ஆறியபின் வேலையைத் தொடங்குங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு.

ரேடியேட்டர் துடுப்புகளுக்கு இடையே பிளாஸ்டிக் டை செருகி ஃபேனைக் கட்டும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அதிர்வில் அந்த டை குழாயை அறுத்து, சில மாதத்தில் ஒழுக்கு வரும். ஃபேனின் பாரம் ரேடியேட்டர் ஃபிரேமில் இறங்க வேண்டும். கிண்டி தொழிற்பேட்டையின் கடைசல் பட்டறை, வெல்டிங் பட்டறைகளில் அளவு கொடுத்தால் இரும்புப் பட்டையில் பிராக்கெட் செய்து தருவார்கள். இறக்கைக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

காற்று போகும் திசையை ஒரு தாளைப் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில் போனால் மோட்டார் வயர்களை மாற்றிக் கொடுத்து மட்டும் சமாளிக்காதீர்கள். இறக்கையின் வளைவு ஒரு திசைக்காகச் செய்யப்பட்டது. தலைகீழாகச் சுற்றினால் காற்று குறையும். இறக்கையையும் திருப்பிப் போட முடிகிற ஃபேன்தான் இரண்டு பக்கத்துக்கும் ஆகும்.

ரிலே இல்லாமல் வேண்டாம்

‘சாவியிலிருந்து ஒரு வயர் இழுத்து, நடுவில் ஒரு சுவிட்ச் போட்டால் முடிந்தது’ என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். இக்னிஷன் சுவிட்ச் இந்தக் கரன்டைத் தாங்கச் செய்யப்பட்டதில்லை. உள்ளே முனைகள் கருகி, வயர் உறை உருகி, டேஷ்போர்டுக்குப் பின்னால் புகை வரும்.

40 ஆம்பியர் ரிலே ஒன்று வாங்குங்கள். அதன் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறித்திருக்கும். 87ஏ என்று ஐந்தாவது முனை இருந்தால் அதைத் தொட வேண்டாம். பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக ஒரு வயர், ஃபியூஸ் வழியாக, 30க்கு. 87லிருந்து ஃபேன் பாசிட்டிவுக்கு. இவை இரண்டும் 4 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர். வீட்டு வயரிங் வயர் வேண்டாம், வண்டிக்கென்று விற்கும் பல இழை வயர் வேண்டும். ஃபியூஸ் 20 ஆம்பியர். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது வயரை. அதைத் தள்ளி வைத்தால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையே உள்ள வயருக்குக் காவலே கிடையாது.

86க்குச் சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் இடத்திலிருந்து ஒரு மெல்லிய வயர். 1 சதுர மில்லிமீட்டர் போதும். பழைய லூகாஸ் வயரிங்கில் ஃபியூஸ் வழியாக வரும் இக்னிஷன் வயர் பச்சை நிறம். ஆனால் நாற்பது வருடத்தில் எத்தனை கை பட்டதோ, நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். 85லிருந்து தெர்மோ சுவிட்சுக்கு. சுவிட்ச் சூடானதும் 85ஐ எர்த் செய்யும், ரிலே ‘டிக்’ என்று பிடிக்கும், ஃபேன் ஓடும்.

தெர்மோ சுவிட்சைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கிறது என்றால், 92இல் ஓட ஆரம்பித்து 87இல் நிற்கும் சுவிட்ச் பொருத்தம். 80இல் நிற்கும் சுவிட்ச் போட்டால் ஃபேன் நிற்கவே நிற்காது. தெர்மோஸ்டாட் நீரை அவ்வளவு குளிர விடாது. சுவிட்சை மாட்ட மேல் ஹோஸை வெட்டி, நடுவில் அலுமினியக் குழாய்த் துண்டு ஒன்றைக் கிளாம்ப் போட்டுச் செருகி, அதில் மரை போட்டுச் சுவிட்சை முடுக்குவது வழக்கம். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒற்றை முனை சுவிட்ச் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் ஆகும். இரண்டு பக்கமும் ரப்பர் ஹோஸ் இருப்பதால் அந்தக் குழாய்க்கு எர்த் கிடையாது. குழாயிலிருந்து இன்ஜினுக்குத் தனியாக ஒரு வயர் போடாவிட்டால் நீர் கொதித்தாலும் ஃபேன் அசையாது.

85லிருந்து இன்னொரு வயரை டேஷ்போர்டில் ஒரு சின்ன சுவிட்ச் வழியாக எர்த்துக்குக் கொண்டுபோங்கள். தெர்மோ சுவிட்ச் கைவிட்டால் கையாலேயே ஃபேனை ஓட்டலாம். அதேபோல 86 வயரில் ஒரு சுவிட்ச் இருந்தால் ஃபேனை நிறுத்தி வைக்கலாம். மழைக்காலத்தில் தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதை போன்ற இடத்தில் தேங்கிய நீரில் இறங்க நேர்ந்தால், சுற்றும் இறக்கை நீரில் மோதி வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கும். முதலில் ஃபேனை நிறுத்துங்கள்.

லக் மாட்டும்போது வயர் உறையை லக்கின் கழுத்து நீளத்துக்கு மட்டும் சீவி, எல்லா இழைகளும் உள்ளே போனதைப் பார்த்து, கிரிம்பிங் கருவியால் நசுக்கி, பலமாக இழுத்துப் பாருங்கள். கையில் வந்தால் வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். வெறும் முறுக்கும் இன்சுலேஷன் டேப்பும் இன்ஜின் சூட்டில் நிற்காது. ரிலேயை முனைகள் கீழே பார்க்க, நீர் படாத உயரத்தில் மாட்டுங்கள்.

சோதனை

ஃபேன் நெகட்டிவை, அதே 4 சதுர மில்லிமீட்டர் வயரில், பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோவது நல்லது. பாடியில் கொடுத்தால் அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்தபின் முடுக்குங்கள். ஃபேன் ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ஃபேன் பாசிட்டிவிலும் வைத்தால் அரை வோல்ட்டுக்குக் கீழே காட்ட வேண்டும். நெகட்டிவ் பக்கமும் அப்படியே பாருங்கள். அதிகம் காட்டினால் நடுவில் ஏதோ இணைப்பு சரியில்லை. கால் மணி நேரம் ஓட்டியபின் ஃபியூஸ் ஹோல்டரையும் ரிலே வயர்களையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு கூடாது.

பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. உப்புக் காற்றில் எர்த் லக் சீக்கிரம் பச்சை பூக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி முடுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். கோடைக்கு முந்தின தடவையை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள்.