வெயிலில் வாடவிடாதீர்கள், பயிரின் காவலனை!

சித்தூர், திருப்பதிப் பக்கம் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். கத்தரி, வெண்டையில் சிவப்புச் சிலந்திப்பேனைத் தின்ன இரைவிழுங்கிப் பேன் விடுவோர் கவனிக்க:

1. தெர்மாகோல் பெட்டியில் கொண்டுவாருங்கள். பைக் பெட்டிச் சூட்டில் வழியிலேயே செத்துவிடும்.

2. பங்குனி வெயில் ஏறுமுன் விடுங்கள். 25–30 டிகிரிதான் அதற்கு ஏற்றது. கடும் வெயிலில் பகைப்பேன் வேகமாகப் பெருகி முந்திக்கொள்ளும்.

3. முதலில் தண்ணீர் பாய்ச்சுங்கள். வறண்ட காற்றில் காவலனின் முட்டை காய்ந்து, பொரிக்காது.

4. வாங்கிய அன்றே, பொழுது சாய்ந்ததும் விடுங்கள். இரவுக் குளிர்ச்சியில் இலையடியில் ஒண்டிக்கொள்ளும்.

5. பூச்சிமருந்தை நிறுத்துங்கள். பல மருந்துகள் இதையும் கொல்லும்.

மறுவாரம் இலையைத் திருப்பி லென்ஸில் பாருங்கள்: நூலாம்படைக்குள் மெல்ல நகர்வது பகை, விறுவிறுவென ஓடுவது நம் காவலன்.