உடன்பாடு காணும் பேச்சு

தமிழகத்து மாட்டுச் சந்தைகளில் விலை பேசும் முறை, புதிதாகக் காண்பவருக்கு வியப்பளிக்கும். தரகர் தம் தோள்துண்டை விரித்து மாட்டுக்காரரின் கைமீது போர்த்துகிறார். துண்டின் மறைவில் விரல்களைப் பற்றுகிறார். பற்றிய விரல்களே தொகையைச் சொல்லிவிடுகின்றன. சுற்றி நிற்பவர் எவரும் அதனை அறியார். இக்கலையை எவரும் நூலில் பயில்வதில்லை. சந்தையில் நின்று, கண்டு, செய்தே பழகுகின்றனர். ஆனால், அங்கே பிழைக்கு விலையுண்டு. அவசரத்தில் ஒப்புக்கொண்ட ஒரு தொகையால், காளையை வளர்த்த உழவர் ஓராண்டு உழைப்பை இழக்க நேரலாம்.

பிழை செய்தால்தான் கற்க முடியும். அப்பிழையால் எவருக்கும் இழப்பு நேரவும் கூடாது. இதற்கு இடந்தருவது, வேடமேற்றுப் பேசிப் பழகும் வகுப்பறைப் பயிற்சி.

கேட்பதும் தேவையும்

நடிக்கத் தொடங்குமுன் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். ஒருவர் வாய்விட்டுக் கேட்பது ஒன்று; அதற்குப் பின்னுள்ள தேவை மற்றொன்று. இதற்குச் சிறந்த சான்று உலக வரலாற்றில் உண்டு.

1967ஆம் ஆண்டுப் போரில் எகிப்தின் சினாய் தீபகற்பத்தை இஸ்ரேல் கைப்பற்றியது. 1978 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர், எகிப்தின் அன்வர் சதாத்தையும் இஸ்ரேலின் மெனாகெம் பெகினையும் கேம்ப் டேவிட் மாளிகைக்கு அழைத்தார். நிலம் முழுவதும் வேண்டும் என்றது எகிப்து. ஒரு பகுதியையேனும் எம்மிடமே வைத்துக்கொள்வோம் என்றது இஸ்ரேல். வரைபடத்தில் எங்கே கோடு கிழித்தாலும் ஒருவர் மறுப்பார். ஆயினும், எகிப்தின் தேவை தன் மண்ணின்மீதான உரிமை. இஸ்ரேலின் தேவை, எல்லையருகே பகைப்படை நில்லாத பாதுகாப்பு. இவ்விரு தேவைகளும் ஒன்றோடொன்று மோதவில்லை. நிலம் எகிப்துக்கு, அங்கே படை நிறுத்துவதற்குக் கட்டுப்பாடு என்னும் தீர்வு இதிலிருந்தே பிறந்தது.

பேச்சு 13 நாள்கள் நீண்டது. பெகின் புறப்பட முனைந்த வேளையில், அவருடைய பேரக்குழந்தைகள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்ட ஒளிப்படங்களைக் கார்ட்டர் கொண்டுபோய்க் கொடுத்தார். பெகினின் உள்ளம் நெகிழ்ந்தது, பேச்சு தொடர்ந்தது. 1979இல் அமைதி உடன்படிக்கை கையொப்பமானது. 1982இல் இஸ்ரேல் சினாயைவிட்டு வெளியேறியது. பாலத்தீன மக்களின் சிக்கலோ தீரவில்லை. அவர்கள் சார்பில் பேச அங்கே எவரும் அமர்ந்திருக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது.

சீட்டும் வேடமும்

வகுப்பறைப் பயிற்சிக்கு இத்துணைப் பெரிய சிக்கல் வேண்டியதில்லை. 200 வாழைத்தார்கள் போதும். மூவர் ஒரு குழு. உழவராக நடிப்பவருக்கு ஒரு சீட்டு: தார் ஒன்றுக்கு 300 ரூபாய் கேட்க வேண்டும், கூட்டுறவுச் சங்கக் கடன் தவணையைப் பத்து நாளில் கட்டியாக வேண்டும். வணிகருக்கு மற்றொரு சீட்டு: 240 ரூபாய்க்குமேல் தர மனமில்லை, ஆவணி முகூர்த்தங்கள் முடியும்வரை வாரந்தோறும் தடையின்றிச் சரக்கு வேண்டும். ஒருவர் சீட்டை மற்றவர் பார்த்தல் கூடாது. மூன்றாமவர் பேசுவதில்லை, யார் எத்தனை கேள்வி கேட்டார், யார் இடைமறித்தார் என்று மட்டும் குறித்துக்கொள்வார்.

முதற்சுற்றில் பெரும்பாலும் எண்களே மோதும். 300, 240, 290, 250 என்று இறங்கி ஏறி, 270இல் சலிப்போடு நிற்கும். கடன் தவணையும் முகூர்த்தச் சரக்கும் பேச்சில் வாராமலே போகும். “முகூர்த்தத்துக்கு எத்தனை தார் தேவைப்படும், அண்ணாச்சி?” என்று உழவர் ஒருமுறை கேட்டுவிட்டால் பேச்சின் போக்கே மாறிவிடும். பாதித்தொகை முன்பணமாக வரலாம். வாரச் சரக்குக்கு உறுதி கிடைக்கலாம். விலையும் இருவருக்கும் ஏற்றதாக அமையலாம். மூன்றாமவர் தம் குறிப்பைப் படித்துக்காட்டும்போதுதான், பேசிய நேரம் முழுவதும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது பலருக்குத் தெரியவரும்.

இரண்டாம் சுற்றில் வேடங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். இப்பயிற்சியின் உயிர்நாடி இதுவே. சற்றுமுன் வணிகரைக் கல்நெஞ்சர் என்று கருதிய மாணவர், இப்போது அவருடைய சீட்டை வைத்துக்கொண்டு, நாளைய முகூர்த்தத்துக்குத் தார் வந்து சேருமா என்னும் கவலையோடு பேசுவார்.

மூன்றாம் சுற்றுக்கு ஒரு புதிய சீட்டு எழுதலாம். அது, தார் வெட்டிச் சுமக்கும் தொழிலாளருக்குரியது. அவர்தம் கூலி, வணிகர் பணம் தரும் நாளைப் பொறுத்தது. அவரையும் அமர்த்திக்கொண்டு, முன்பு இருவர் மட்டும் பேசி முடித்த உடன்பாட்டைக் குழுவினர் மீண்டும் பேசிப் பார்க்க வேண்டும்.