சாப்ட்வேர் போட்டால் பழைய போன் புதிதாகுமா?

வாசுதேவநல்லூரானாலும் புளியங்குடியானாலும், போன் மந்தமானால் கடையில் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "சாப்ட்வேர் போட்டா சரியாயிரும், அண்ணாச்சி." அது ரீசெட்டா, பிளாஷா என்றே கேட்பவர் பலருக்குத் தெரிவதில்லை.

நம்பிக்கை: ரீசெட் செய்தால் புது சாப்ட்வேர் ஏறிவிடும்.

உண்மை: ஏறாது. ரீசெட் நம் படங்களையும் செயலிகளையும் கணக்குகளையும் அழிக்கும். உள்ளிருக்கும் ஆண்ட்ராய்டைத் தொடாது. பிளாஷ் செய்யும்போதுதான் அந்த மாடலுக்குரிய கோப்பைக் கணினி வழியாக ஏற்றி இயங்குதளத்தையே திரும்ப எழுதுகிறார்கள். மாடல் மாறினால் போன் எழும்பாமலே போகலாம். 2019-இல் இந்தியப் போன்களிலும் பரவிய எக்ஸ்ஹெல்ப்பர் என்ற வைரஸ், ரீசெட் செய்த பிறகும் திரும்ப முளைத்தது. சிஸ்டம் பகுதிக்குள்ளேயே அது போய் உட்கார்ந்த போன்களுக்கு பிளாஷ்தான் நம்பகமான வழியாக இருந்தது. சாதாரண வைரசுக்கு ரீசெட்டே போதும்.

நம்பிக்கை: வேகமும் பேட்டரியும் புதுசு போல ஆகிவிடும்.

உண்மை: நிரம்பிய சேமிப்பிடம் காலியாவதால் கொஞ்ச நாள் வேகம் தெரியும். 2 ஜிபி ராம் 2 ஜிபியாகத்தான் இருக்கும். தேய்ந்த பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

நம்பிக்கை: லீனியேஜ் ஓஎஸ் போட்டால் கவலையே இல்லை.

உண்மை: கம்பெனி கைவிட்ட பல போன்களுக்கும் புதிய ஆண்ட்ராய்டு தரும் அருமையான முயற்சி அது, 2016 இறுதியில் சயனோஜென்மாட் என்ற முந்தைய முயற்சி நின்றபோது அதன் தொடர்ச்சியாக வந்தது. ஆனால் எல்லா மாடலுக்கும் கிடையாது. அதை ஏற்ற, போனைத் துவக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும்; திறந்ததும் போனில் உள்ளதெல்லாம் அழியும். பிறகு சில வங்கிச் செயலிகள் ஓட மறுக்கும். யுபிஐயில் பணம் வாங்கும் எலுமிச்சை வியாபாரியிடம் இதைப் போடும்படி நான் சொல்ல மாட்டேன்.

நம்பிக்கை: ரீசெட் செய்தால் பழைய கூகுள் கணக்கு ஒழிந்துவிடும்.

உண்மை: ஆண்ட்ராய்டு 5.1 முதல், பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தால் பல போன்கள் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். கணக்கைத் தொடங்கிக் கொடுத்த பேரனோ வெளியூரில் இருப்பான். பெரியவர்கள் அதிகம் தவித்துப்போவது இங்கேதான்.

ஆகவே போனைக் கொடுக்கும் முன் படங்களைப் பிரதி எடுங்கள், வாட்ஸ்அப்பை பேக்கப் செய்யுங்கள், ஜிமெயில் முகவரியையும் கடவுச்சொல்லையும் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். "ரீசெட்டா, பிளாஷா?" என்று கேட்டபின் கூலி பேசுங்கள். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போதும் அதே எண் இருக்க வேண்டும். அதைத் திருத்துவது 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.